அதங்கோட்டாசான் அமராத அவை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கொரு கட்டுரை தருமாறு பணித்த அன்பர்கள் பொருளை என் விருப்பத்திற்கே விட்டனர். பத்து என்றதும் பவணந்தியார் நன்னூலில் வகுத்த பத்து அழகுகளும் பத்துக் குற்றங்களும் நினைவுக்கு வந்தன. விழா நாளில் அழகுகளைப் பேசுவோர் பலர் இருப்பர். ஆகவே நான் குற்றங்களை எடுத்துக்கொண்டேன்.

இதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இளைய நண்பர் ஒருவர், தாம் எழுதிய மாயப் புதினத்தின் கையெழுத்துப் படியை என்னிடம் தந்தார். கற்பனை நாடு, கற்பனை மன்னர், நானூறு பக்கங்கள். நான்காம் இயலில் வெள்ளத்தோடு போன குதிரை ஒன்பதாம் இயலில் கொட்டிலில் நின்று புல் தின்றது. அதை நான் கண்டேன். கண்டும், 'நன்று' என்னும் ஒரு சொல்லோடு படியைத் திருப்பிக் கொடுத்தேன். நண்பர் தம் சேமிப்பைக் கொண்டு ஐந்நூறு படிகள் அச்சிட்டார். வெளியீட்டு விழாவில் நானும் வாழ்த்திப் பேசினேன். பின்னர் ஒரு வாசகர் அந்தக் குதிரையைப் பற்றிக் கேட்டு அஞ்சலட்டை எழுதியிருந்தார். நண்பர் அதை என்னிடம் காட்டி, "ஐயா, நீங்கள் படித்தபோது இது கண்ணில் படவில்லையா?" என்று கேட்டார். "படவில்லை" என்றேன். அந்தப் பொய்க்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தார் ஃபேண்டசி என வழங்குவதை இங்கு மாயப் புதினம் என்போம். எழுதியவரே பதிப்பாளராகவும் அமைந்து வெளியிடும் மாயப் புதினங்கள் ஆங்கிலத்தில்தான் பெருந்தொகையாக வளர்ந்துள்ளன. அவற்றின் குறைகள் எவை, அவை எங்கிருந்து வந்தன என்பதை அம்மொழியின் வரலாற்றிலேயே காண்போம்.

அச்சகம் வைத்த கவிஞர்

தம் நூலைத் தாமே வெளியிடுதல் இழிவன்று. ஆங்கில மாயப் புதினத்தின் தொடக்கத்திலேயே அப்படிச் செய்த பெரியார் ஒருவர் நிற்கிறார். கவிஞரும் ஓவியருமான வில்லியம் மாரிஸ் (1834–1896) 1891இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தை நிறுவினார். எழுத்துருவைத் தாமே வரைந்தார்; தாளையும் மையையும் தாமே தேர்ந்தார். அவ்வச்சகத்தின் முதல் நூல் அவர் எழுதிய மாயக்கதையே: 'ஒளிரும் சமவெளியின் கதை' எனப் பொருள்படும் தலைப்புடையது. 1894இலும் 1896இலும் அவருடைய வேறு இரு மாயப் புதினங்கள் அங்கிருந்து வெளிவந்தன.

இந்நூல்களின் நடை அவர் காலத்திற்கும் பழைய நடை. வழக்கொழிந்த சொற்களை அவர் தேடித்தேடிக் கோத்தார். அந்நடை சிலருக்கு இனித்தது, பலருக்குச் சுமையாயிற்று. ஆயினும் அப்பழமை ஒட்டவைத்த பூச்சன்று. ஐஸ்லாந்தின் தொன்மையான சாகாக்களை அவர் ஓர் ஐஸ்லாந்து அறிஞருடன் சேர்ந்து மொழிபெயர்த்தவர். பியோவுல்ஃப் என்னும் பழங்காப்பியத்தையும் 1895இல் இன்னோர் அறிஞர் துணையோடு பெயர்த்தளித்தவர். பழஞ்சொற்கள் அவருக்கு உழைப்பால் வந்த செல்வம். பின்னாளில் அவ்வழியில் நடந்தோர் பலர் அச்செல்வத்தை விட்டு அதன் மினுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். குறையின் முதல் வேர் அங்கே ஊன்றியது எனலாம்.

வியாழக்கிழமை மாலைகள்

மாரிஸின் நூல்களை விரும்பிப் படித்த இளைஞருள் ஒருவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973). மாணவப் பருவத்தில், 1914இல், கல்லூரிப் பரிசுத் தொகையைக் கொண்டு மாரிஸின் நூல்களை வாங்கியவர் அவர். இவர் தம் நூலைத் தாமே பதிப்பித்தவர் அல்லர். எனினும் அவரை இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. அவரைச் சூழ்ந்து ஒரு வட்டம் இருந்தது.

1929ஆம் ஆண்டின் இறுதியில், தாம் எழுதிக்கொண்டிருந்த நெடிய காதற்பாட்டொன்றை டோல்கீன் தம் நண்பர் சி. எஸ். லூயிஸிடம் படிக்கக் கொடுத்தார். லூயிஸ் முதலில் மனமாரப் பாராட்டினார். அடுத்து விரிவான குறிப்புகளை அனுப்பினார். அக்குறிப்புகளின் அமைப்பு நம் சுவடிப் பதிப்பாசிரியர்களுக்குப் புன்னகையை வரவழைக்கும். அப்பாட்டை ஏதோ பழஞ்சுவடியாகப் பாவித்து, உலகில் இல்லாத அறிஞர்கள் சிலரைப் படைத்து, அவர்கள் பாடபேதங்களைப் பற்றி வழக்காடுவதாக லூயிஸ் எழுதினார். தமக்குப் பிடிக்காத அடிகளை நண்பரின் பிழை என்னாமல் ஏடெழுதியோர் பிழை என்றார். சில இடங்களுக்குத் தாமே மாற்றுப் பாடமும் தந்தார். டோல்கீன் அவற்றுள் பலவற்றை ஏற்றுத் திருத்தினார், சிலவற்றை ஏற்கவில்லை. மனம் நோகாமல் குற்றங்கூற வழியில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை இச்செய்தி பொய்யாக்கியது.

பின்னர் 'இன்க்ளிங்ஸ்' என்று பெயர்பெற்ற நண்பர் குழு, ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரியில் லூயிஸின் அறையில் வியாழக்கிழமை மாலைகளில் கூடியது. 1937 டிசம்பரில் தொடங்கிய 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையின் இயல்களை டோல்கீன் அங்கே உரக்கப் படித்தார். ஹியூகோ டைசன் என்னும் அன்பருக்கு அக்கதை பிடிக்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. வாய்விட்டுப் படிப்பதில் ஒரு நன்மை உண்டு. தளர்ந்த தொடரைக் கேட்போர் முகமே காட்டிவிடும்.

பதிப்பாளரின் மறுப்பும் அந்நூலுக்கு உதவியது. தம் உலகின் பழங்கால வரலாற்றை விரிக்கும் 'சில்மரில்லியன்' என்னும் நூலையும் இதனோடு சேர்த்தே வெளியிடவேண்டும் என்பது டோல்கீனின் விருப்பம். அதன் பொருட்டு வேறு பதிப்பாளரையும் நாடினார். அது கைகூடவில்லை. 1954–55இல் பெருங்கதை மட்டும் மூன்று பகுதிகளாக வந்தது. வரலாற்றுக் குறிப்புகள் இறுதிப் பகுதியின் பிற்சேர்க்கையாயின. 'சில்மரில்லியன்' அவர் மறைந்தபின் 1977இல் மகனால் வெளியிடப்பட்டது. பெருங்கதை நடந்து செல்ல வழிவிட்டு வரலாறு ஓரமாக ஒதுங்கி நின்றது. ஆசிரியரின் விருப்பம் முழுதும் நிறைவேறியிருந்தால் அப்படி நின்றிருக்குமா என்பது ஐயமே.

மறுத்துரைத்த பதிப்பாசிரியர்

1965இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக வந்தபின் அப்பெருங்கதை பல்லாயிரம் இளைஞர் கைகளை அடைந்தது. அதைப் போலவே எழுதவேண்டும் என்னும் வேட்கை பரவியது. வழக்கறிஞரான டெர்ரி புரூக்ஸ் என்பார் எழுதிய 'ஷன்னாராவின் வாள்' 1977இல் வெளியாயிற்று. டோல்கீனின் சாயல் மிகுதி என்று திறனாய்வாளர் சாடினர். வாசகரோ வாங்கிக் குவித்தனர்.

நமக்கு வேண்டுவது அதன்பின் நிகழ்ந்தது. புரூக்ஸ் இரண்டாம் நூலைப் பெரும்பகுதி எழுதி முடித்து, தம் பதிப்பாசிரியர் லெஸ்டர் டெல் ரேயிடம் காட்டினார். இது தேறாது என்று அவர் விளக்கமாக எடுத்துரைத்தார். புரூக்ஸ் அக்கதையைக் கைவிட்டு வேறொன்றைத் தொடங்கினார். அது 1982இல் வெளிவந்து, முதல் நூலினும் மேலானது என்று பலர் பாராட்டும் பெயர் பெற்றது. நூற்றுக்கணக்கான பக்கங்களைத் துறக்கச் சொல்ல ஒருவருக்கு உரிமையும், அதைக் கேட்டு நடக்க மற்றவருக்கு மனமும் இருந்தன.

தடையற்ற வாயில்

அந்த உரிமை உடையவர் இல்லாமலே நூல் வெளிவரும் காலம் விரைவில் வந்தது. முன்னாளில் தம் செலவில் அச்சிட விரும்பியவர் நூற்றுக்கணக்கான படிகளுக்குப் பணம் கட்டவேண்டும். விற்காத கட்டுகள் வீட்டில் தூங்கும். 1990களின் இறுதியில், கேட்ட அளவே, ஒரு படியாயினும் அச்சிட்டுத் தரும் முறை அமெரிக்காவில் வணிகமாயிற்று. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியை வெளியிட்டபோது, எழுதியவர் எவரும் தம் நூலை அதில் நேரே ஏற்றலாம் என்ற நிலை பிறந்தது. தாட்செலவும் இல்லை, காப்போனும் இல்லை.

இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்தது கிறிஸ்டோபர் பாவோலினியின் கதை. மொன்டானா மாநிலத்தில் வாழ்ந்த இவர் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய 'எரகன்' என்னும் புதினத்தை 2002இல் பெற்றோரே பதிப்பித்தனர். இளைஞர் இடைக்கால உடையணிந்து பள்ளிகளிலும் நூலகங்களிலும் நூற்றுக்கு மேற்பட்ட கூட்டங்களில் பேசி நூலை விற்றார். எழுத்தாளர் ஒருவரின் வழியாக அது ஒரு பெரிய பதிப்பகத்தின் பார்வைக்குச் சென்றது. அங்கே மீண்டும் திருத்தப்பட்டு, சுருக்கப்பட்டு, 2003இல் புதிதாக வெளிவந்தது. அப்பதிப்பே உலகப் புகழ் பெற்றது. இவ்வெற்றியைக் கண்டு பின்தொடர்ந்தோர் பலர் உடையையும் உழைப்பையும் நினைவில் வைத்தனர். நடுவே நடந்த திருத்தத்தை மறந்தனர்.

நன்னூலார் கண்ட குற்றங்கள்

இனிக் குறைகளுக்கு வருவோம். நன்னூலார் வைத்த பெயர்கள் இவற்றுக்கு வியக்கத்தக்கவாறு பொருந்துகின்றன.

முதலில் மாறுகொளக் கூறல். மதுரையைப் பற்றி எழுதுவோன் வைகையை வடக்கே ஓடவிட்டால் படிப்போர் சிரித்துத் திருத்துவர். கற்பனை நாட்டு ஆற்றைத் திருத்த வெளிச்சான்று ஏது? நூலே தனக்குச் சான்று. முன்பின் முரணினால் உலகமே சரியும். மூன்றாம் இயலில் விளக்கேற்ற முடியாத மந்திரவாதி இருபதாம் இயலில் மலையை எரித்தால், அவன் படும் துன்பம் எதையும் நாம் நம்பமாட்டோம். டோல்கீன் 1944இல் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், தம் கதையில் நிலவு நடக்கவொண்ணாத வகையில் நடப்பதைக் கண்டு சில பகுதிகளைத் திருத்த நேர்ந்ததைக் குறிப்பிடுகிறார். நிலவின் வளர்பிறை தேய்பிறைக்கும் கணக்கு வைத்தவர் அவர். பச்சை நிறக் கதிரவன் என்று எவரும் சொல்லிவிடலாம், அக்கதிரவன் இயல்பாகத் தோன்றும் உலகைப் படைப்பதே அரிய உழைப்பு என்று 1939இல் ஆற்றிய சொற்பொழிவிலும் அவர் வற்புறுத்தினார்.

அடுத்து மற்றொன்று விரித்தல். கதை தொடங்குமுன் மூவாயிரம் ஆண்டுப் போர்கள், பன்னிரு குலங்கள், அரச மரபுகள் என முன்னுரை நீளும். ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் சேர்த்த குறிப்பேட்டை விட்டுப் பிரிய மனமின்றி முதல் இயலில் கொட்டிவிடுகிறார். எவரையும் நாம் அறியுமுன்னே அவர்தம் முன்னோர் அனைவரையும் அறியும்படி ஆகிறது.

மூன்றாவது வழூஉச்சொற் புணர்த்தல். ஆங்கிலத்தில் வழக்கொழிந்த முன்னிலை ஒருமைச் சொல்லுக்கு உரிய வினைமுடிபு ஒன்று. படர்க்கைக்கு உரியது வேறு. பழமை காட்ட விரும்பும் எழுத்தாளர் இரண்டையும் மயக்கி எழுதுகிறார். நம் மொழியில் 'யான் வந்தனை' என்று அரசன் உரைப்பதற்கு அது நிகர். இதைப் பற்றி 1973இல் ஊர்சுலா லெ குவின் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அச்சில் வந்த ஒரு மாயப் புதினத்தின் உரையாடலை எடுத்து, சில சொற்களை மட்டும் மாற்றி, அது வாஷிங்டன் அரசியல்வாதிகளின் பேச்சாகவே ஒலிப்பதை அவர் காட்டினார். மாயப் புதினத்தில் நடையே உலகைப் படைக்கிறது என்பது அவர் முடிபு. கவிஞர்களாகிய நமக்கு இதை விரித்துச் சொல்லவேண்டுவதில்லை.

நான்காவது குன்றக் கூறல். வேண்டாதது மிகும் இடத்தில் வேண்டியது குறையும். டயானா வின் ஜோன்ஸ் 1996இல், மாயப் புதின உலகங்களைச் சுற்றுலா நாடாகப் பாவித்து ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். அங்கே உணவென்றால் எப்போதும் ஒரே குழம்பு. குதிரைகளோ நாள் முழுதும் ஓடினும் இளைப்பதில்லை. சிரிக்க வைக்கும் அந்நூல் சுட்டுவது, யார் உழுதனர், யார் வரி கொடுத்தனர், காயம் ஆற எத்தனை நாளாயிற்று என்னும் எளிய கேள்விகளுக்கு அவ்வுலகங்களில் விடையில்லை என்பதே.

கூறியது கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் இரட்டையர். தாய்தந்தை அறியா இளைஞன், அவனைக் குறித்த பழைய வாக்கு, வழிகாட்டும் முதியவர், குலத்து வாள், இருளின் வேந்தன்: பிறர் கூறியதையே மீண்டும் கூறுதல். பெயர்களோ எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு, நடுவே மேற்குறி ஒன்றைச் செருகியவை. டோல்கீன் பெயர்களுக்கு முன் மொழிகளை அமைத்தார். மொழிநூற் புலமை அவர் தொழில். மொழியில்லாப் பெயர் வேரில்லா மரம்.

மிகைபடக் கூறலுக்கும் சென்று தேய்ந்திறுதலுக்கும் வணிகமே ஒரு காரணம். தாளுக்கு விலையிருந்த காலத்தில் நீளத்தைக் குறைக்கப் பதிப்பாளர் நின்றார். மின்னூலுக்குத் தாள் இல்லை. மேலும் அமேசானின் சந்தா முறையில், 2015 முதல், படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியருக்குப் பணம் கணக்கிடப்பட்டது. ஆகவே நீட்டுவதற்குத் தூண்டுதல் உண்டாயிற்று. வாங்குமுன் வாசகருக்கு இலவசமாகக் காட்டப்படுபவை தொடக்கப் பக்கங்களே. அவை பலமுறை செப்பனிடப்பட்டு மின்னும், நடுப்பகுதி மங்கும், ஐந்து நூல்களாக அறிவித்தது இரண்டோடு நின்றுபோவதும் உண்டு.

மறுபக்கம்

இங்கே நடுநிலை தவறலாகாது. வின் ஜோன்ஸ் நகையாடிய நூல்களும் லெ குவின் எடுத்துக்காட்டிய நூலும் பெயர்பெற்ற பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்களின் இனமே. பதிப்பகத்தின் முத்திரை குற்றத்தைத் துடைத்துவிடாது. அவ்வாறே, தம் செலவில் வெளியிட்ட நூல்களுள் மணிகளும் உண்டு. புதின ஆசிரியர் மார்க் லாரன்ஸ் 2015இல் தனிப்பதிப்பு மாயப் புதினங்களுக்கென ஒரு போட்டியைத் தொடங்கினார். பத்துத் திறனாய்வாளர்கள் நூல்களைப் பகிர்ந்துகொண்டு படித்து, ஆளுக்கு ஒன்றை இறுதிச் சுற்றுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. ஜோசையா பான்கிராஃப்ட் 2013இல் தாமே வெளியிட்ட புதினமொன்று இரண்டாம் போட்டியில் இறுதிச் சுற்றை எட்டவில்லை; ஆயினும் லாரன்ஸ் அதைப் படித்து வியந்து பலருக்கும் எடுத்துரைத்தார். 2018இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை ஏற்று வெளியிட்டது.

ஆகவே, குற்றம் தனிப்பதிப்பில் இல்லை, தனிமையில் இருக்கிறது. பிற புதினங்களில் வாசகரின் வாழ்வே ஆசிரியரைத் திருத்தும். மாயப் புதினத்தில் ஆசிரியர் தாம் மட்டுமே கண்ட நாட்டுக்குத் தாமே சாட்சி. தலையில் உள்ளதெல்லாம் தாளில் வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். வரவில்லை என்று சொல்ல இரண்டாம் கண் ஒன்று வேண்டும். பிற நூல்களுக்குத் துணையாவது இவ்வகை நூலுக்கு உயிராகிறது.

நம் அவை

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் காட்டப்பெற்றதாகப் பனம்பாரனாரின் சிறப்புப் பாயிரம் உரைக்கிறது. நச்சினார்க்கினியர் கூறும் கதையில் அவ்வாசான் கேட்டுத் தலையசைத்தவர் அல்லர். குற்றங்கூறிக்கொண்டே வந்தார், தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். அரங்கேற்றம் என்பது மாலை சூட்டும் சடங்கு மட்டுமன்று. வினாவும் விடையும் நிகழும் களம். ஆக்ஸ்ஃபோர்டின் வியாழக்கிழமை மாலைகளில் நிகழ்ந்ததும் அதுவே.

நம் வட்டத்தாரும் பெரும்பாலும் தம் பொருளைச் செலவிட்டே நூல் வெளியிடுகிறோம். பத்தாண்டுகளில் நாம் நடத்திய வெளியீட்டு விழாக்கள் பல. அவற்றில் பாராட்டு நிறைந்திருந்தது, அதில் குறையில்லை. ஆனால் நூல் அச்சுக்குப் போகுமுன் நாம் கூடி, படியைக் கையில் வைத்து, உரக்கப் படித்துக் கேட்ட மாலைகள் எத்தனை? அச்சேறிய பின் சொல்லும் குற்றம் ஆசிரியரைச் சுடும்; அச்சேறுமுன் சொல்வது நூலைக் காக்கும். இரண்டுக்கும் இடையே சில வாரங்களே. அந்த வாரங்களில்தான் ஒரு வட்டம் பயன்படவேண்டும்.

அந்த நண்பர் அதன்பின் புதிதாக எதையும் என்னிடம் காட்டவில்லை. எழுதுகிறாரா என்றும் நான் கேட்கவில்லை. இம்மலர் அவர் கைக்கும் செல்லும். இதைப் படிப்பாராயின் அவருக்கு ஒன்று சொல்வேன்: அன்று குதிரை என் கண்ணில் பட்டது. அது வெள்ளத்தோடு போன இயல் அழகாக எழுதப்பட்டிருந்தது. அதையும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த படியைக் கொண்டுவாருங்கள். இம்முறை கையில் எழுதுகோலோடு படிப்பேன்.